புது எயார் றைபிள்: மூட்டையில் வைத்துச் சுட்டால் ஏன் சிதறுகிறது?

பம்படி (ஒட்டுசுட்டான்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்விகள் கடைசியில் இருக்கின்றன. பொறுமை இல்லாதவர்கள் நேரே கீழே போகலாம்.

எனக்குத் தொழில் வோட்டர் பம்மும் லான்மாஸ்ரரும் திருத்துவது. முத்தையன்கட்டில் கொஞ்சம் மேட்டுக்காணி இருக்கிறது. கச்சானும் உழுந்தும் போடுவோம், வேலியோரம் தென்னை. குரங்குத் தொல்லையைப் பற்றி வன்னியில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குரும்பையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகின்றன. தின்றாலாவது மனம் ஆறும். வெடி கொளுத்திப் போடலாம்தான், ஆனால் அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு தீபாவளிக்குக்கூட எங்கள் வளவில் வெடி கிடையாது. அதனால்தான் சத்தம் குறைந்த சாமானாக எயார் றைபிள் எடுப்போம் என்று முடிவெடுத்தேன். அனுமதிக்காக அலைந்த கதை தனிக் கதை, அதை விடுங்கள். கடதாசி கையில் இருக்கிறது.

சாமான் துருக்கியில் செய்தது. குண்டு 5.5 மில்லிமீற்றர், ஸ்பிரிங் வேலை, குழலை மடித்து ஏற்றுவது. மரப்பிடி. பெட்டிக்குள்ளேயே குறிபார்க்கும் 4×32 ஸ்கோப் ஒன்றும் வந்தது. கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. ஆனால் உத்தரவாதச் சீட்டில் 'திறந்தால் செல்லாது' என்று போட்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை, சோளகக் காற்று எழும்ப முன்னர் விடியக்காலையில் காணிக்குப் போனேன். கிணற்றை ஆழப்படுத்தியபோது அள்ளிப் போட்ட மண் கும்பி ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் கிடக்கிறது. அதன் அடியில் மண் நிரப்பிய யூரியாப் பைகளை இரண்டடுக்காக வைத்து, முன்னால் பிஸ்கற் பெட்டி மட்டையைக் குத்தினேன். மட்டையில் கொப்பித்தாள். வட்டம் கீறக் கடையில் கிடந்த 6203 பெயரிங்கைக் கொண்டுபோயிருந்தேன். வெளிவட்டம் 40 மில்லிமீற்றர், உள்வட்டம் 17. இதைவிட நல்ல குறித்தாள் கடையில் வாங்க முடியாது என்பது என் அபிப்பிராயம். மேசன் ரேப்பைப் பிடித்து 25 மீற்றர் அளந்து, கொட்டில் வாசலில் மேசை போட்டேன்.

முதல் குண்டு போனதும் 'சத்தம் குறைந்த சாமான்' என்று சொல்லி விற்றவனைத் தேடவேண்டும் போல இருந்தது. 'டக்' என்று வராமல் 'படார்' என்றது. குழல் வாயில் நீலப்புகை. ரூ-ஸ்ரோக் எஞ்சினை ஸ்ராட் பண்ணிய மாதிரி எண்ணெய் கருகிய மணம். அம்மா குசினிக்குள் இருந்து அகப்பையோடு வெளியே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பக்கத்து வளவு அண்ணைதான் போன் எடுத்து, "தம்பி, என்ன அது?" என்று கேட்டார். அடுத்தடுத்த குண்டுகளில் சத்தமும் புகையும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஒரு சின்னப் பெட்டிக் குண்டில் கால்வாசி முடிய, கதவு சாத்துகிற அளவு சத்தத்துக்கு வந்துவிட்டது.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

றைபிளின் முன்பிடியை மண் மூட்டையில் இறுக்கமாகப் புதைத்து, பிடங்கைத் தோளில் அமத்திப் பிடித்துச் சுட்டேன். எனக்குத் தெரிந்த வேலையில் ஒரு பொருள் அசையக்கூடாது என்றால் வைஸில் போட்டு இறுக்குவோம். அதே நினைப்புத்தான். குண்டுகள் தேத்தண்ணிப் பீரிசு அளவுக்குச் சிதறின. ஒன்று மேலே, ஒன்று இடப்பக்கம், ஒன்று தாளிலேயே இல்லை. சலித்துப்போய் மேசையை விட்டு எழும்பி, நிலத்தில் குந்தி, முழங்காலில் முழங்கையை வைத்து, பெரிதாக அக்கறைப்படாமல் ஐந்தாறு சுட்டேன். அத்தனையும் பெயரிங் வெளிவட்டத்தை ஒட்டி விழுந்தன. திரும்ப மூட்டைக்குப் போனால் திரும்பப் பீரிசு.

இரண்டாவது, ஸ்கோப்பைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் நேரம் போகப் போகக் குண்டு விழும் இடம் நகர்ந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறியதாலா, காற்றாலா, வேறு எதாலா?

மூன்றாவது, குரங்கைச் சுடுவதற்கு இதை வாங்கவில்லை. வேலியோர வேம்பின் உயரக் கிளைகளில் பழைய தகரத் தட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு, கொட்டிலில் இருந்தபடி தட்டைச் சுட்டால் 'டங்' என்று தலைக்கு மேலேயே சத்தம் வரும், குரங்கு இறங்கி ஓடும் என்பது என் திட்டம். தூரம் 40 மீற்றர் வரும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மல்லாவிச்சந்தி எழுதியது:

தகரத் தட்டா? நல்லாய் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் குரங்குகள் ஒரு கிழமை ஓடும், அடுத்த கிழமை தாளம் போடும். யானை வெடிக்கே இப்போது திரும்பிப் பார்த்துவிட்டுக் குரும்பை பிடுங்குகிற இனம் அது.

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு 5 நிமிடம் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லிக் கணக்கெடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கொப்பி பேனையோடு வாசலில் நின்றேன். அந்த 5 நிமிடமும் ஒன்றும் வரவில்லை. எட்டரைக்கு முழுக் கூட்டமும் வந்து பப்பாசி மரத்தை முறித்துவிட்டுப் போனது.

ஆனால் குரங்கைச் சுடுவதில்லை என்று எழுதியது சரியான முடிவு. 5.5 குண்டு பட்ட குரங்கு அந்த இடத்தில் சாகாது. காயத்தோடு பற்றைக்குள் போய் நாட்கணக்கில் கிடந்து அழுந்தும். எங்கள் ஊரில் ஒருவர் சுட்டார். பிறகு அந்தக் கூட்டம் முழுவதும் அவருடைய கூரையில்தான்.


கனகராயன்குளத்தான் எழுதியது:

தம்பி பம்படி, நான் ஜேர்மனியில் இருந்த காலத்தில் ஊர்ச் சுடுகழகத்தில் 10 மீற்றர் எயார் றைபிள் சுட்டவன். அந்தப் போட்டியில் குண்டு 4.5 மில்லிமீற்றர், குறித்தாளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர்ப் பொட்டு. அங்கே வீட்டில் பொழுதுபோக்குக்கு வைத்திருந்தது உங்களுடையதைப் போன்ற ஸ்பிரிங் துவக்கு. நீங்கள் பட்ட பாடு எல்லோரும் படுவதுதான், சாமானில் கோளாறு இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

புகையும் படாரும்: தொழிற்சாலையில் பூசிய எண்ணெயும் கிறீசும் பிஸ்ரனுக்கு முன்னால் மிஞ்சியிருக்கும். பிஸ்ரன் காற்றை ஒரே அடியாக நெருக்கும்போது வரும் சூட்டில் அது பற்றிக்கொள்கிறது. டீசல் எஞ்சின் வேலை செய்வது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. புதுச் சாமானில் முதல் கொஞ்சக் குண்டுகள் அப்படித்தான் போகும், பிறகு தானாக நிற்கும். தையல் மெசின் எண்ணெய், எஞ்சின் ஒயில் எதையும் அந்தக் காற்றுத் துவாரத்துக்குள் விட்டுவிடாதீர்கள். தொழிற்காரர்தான் இந்த விசயத்தில் ஆபத்தானவர். எதைக் கண்டாலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிற கை அது. விட்டால் திரும்பப் படார், சீலும் ஸ்பிரிங்கும் நாசம். குழலுக்குள் மட்டும் மெல்லிய துணியை நூலில் கட்டி இரண்டு தரம் இழுத்து எடுங்கள், துரு பிடிக்காமல் பூசிய மசகு வந்துவிடும்.

மூட்டை: இதுதான் உங்கள் முக்கியக் கேள்வி. வெடிமருந்துத் துவக்கில் குண்டு மின்னல் வேகத்தில் குழலை விட்டுப் போய்விடும். ஸ்பிரிங் துவக்கில் விசையை இழுத்ததும் முதலில் ஒரு பாரமான பிஸ்ரன் முன்னுக்குப் பாய்கிறது, அதற்கு எதிராகத் துவக்கு பின்னுக்கு வருகிறது. கடைசியில் பிஸ்ரன் நெருங்கிய காற்றில் முட்டி நிற்கும்போது துவக்கு முன்னுக்கு இழுபடுகிறது. இந்த இரண்டு உதறலும் நடக்கிற நேரத்தில் குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. ஆகவே துவக்கு ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி உதறினால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். இறுக்கிப் பிடித்தால், எவ்வளவு இறுக்கம் என்பது தரத்துக்குத் தரம் மாறும். மூட்டை ஒரு தரம் மெத்தென்று இருக்கும், அடுத்த தரம் மண் இறுகியிருக்கும். முழங்காலில் வைத்து அக்கறைப்படாமல் சுட்டது திறமாக வந்ததற்குக் காரணம் நீங்கள் அதை உதற விட்டதுதான்.

இப்படிச் செய்யுங்கள். இடக்கையை விரித்து, விசைக்காப்புக்குச் சற்று முன்னால் றைபிள் பாரம் சமப்படும் இடத்தில், உள்ளங்கையில் சும்மா படுக்க வையுங்கள். விரல்களால் பிடிக்காதீர்கள். அந்தக் கையின் பின்புறம் மூட்டையில் இருக்கட்டும், றைபிள் மூட்டையில் படக்கூடாது. பிடங்கு தோளில் தொட்டால் போதும். வலக்கைப் பெருவிரலைக்கூட நான் பிடியைச் சுற்றிப் போடுவதில்லை. சுட்ட பிறகும் ஒரு மூச்சுக்குக் கண்ணைக் குறியிலேயே வைத்திருங்கள். உள்ளங்கை எந்த இடத்தில் இருந்தது என்று பிடியில் ஒரு துண்டு ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், இரண்டு விரல் தள்ளிப் பிடித்தாலே குண்டு இடம் மாறும்.

நகர்வது: இரண்டு சந்தேகம். ஒன்று, பிடியை இரும்போடு சேர்க்கும் திருகாணிகள். முன்பிடியில் இரு பக்கமும் ஒவ்வொன்று, விசைக்காப்பில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் துவக்கின் அதிர்வில் இவை கழரும். புதுச் சாமானில் முதல் நாளே கழரும். அலன் கீயால் பாருங்கள். மரப்பிடி என்பதால் வெறிபிடித்து இறுக்கக்கூடாது, மரம் நசியும். திருகாணி கழராமல் பிடிக்கும் பசை, நீல லொக்ரைற், ஒரு துளி போதும், சிவப்பைத் தொடாதீர்கள். இரண்டாவது ஸ்கோப். துவக்கு கடைசியில் முன்னுக்கு இழுபடுகிறது என்றேன் அல்லவா, அப்போது ஸ்கோப் தான் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஒவ்வொரு குண்டுக்கும் மயிரிழை மயிரிழையாக, ஸ்கோப்பைத் துவக்கோடு பூட்டும் மவுண்ட் பின்னுக்கு ஊரும். உங்கள் றைபிள் முதுகில் சின்னக் குழி ஏதும் இருக்கிறதா, மவுண்டின் அடியில் சின்னப் பின் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பின் அந்தக் குழிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

திருப்பும் கணக்கு: ஸ்கோப் குமிழில் கால் நிமிடம் (1/4 MOA, இது நேரமல்ல, கோண அளவு) என்று எழுதியிருந்தால், ஒரு 'கிளிக்' 100 மீற்றரில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் நகர்த்தும். 25 மீற்றரில் அது 2 மில்லிமீற்றருக்கும் குறைவு. 4 சென்ரிமீற்றர் தள்ளி விழுந்தால் இருபதுக்கு மேல் கிளிக் வேண்டும். பலர் இரண்டு மூன்று திருப்பிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பார்கள். ஒரு குண்டை நம்பித் திருப்பவும் கூடாது, ஐந்தைச் சுட்டு அவற்றின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். முதலில் 10 மீற்றரில் தாளில் விழ வைத்துவிட்டுப் பிறகு 25க்குப் போனால் குண்டு மிச்சம்.

குண்டு: ஒரே வகைப் பெட்டியோடு நிற்காதீர்கள். தட்டைத் தலைக் குண்டு 10 மீற்றரில் தாளை வட்டமாக வெட்டும், பார்க்க அழகு. 25க்கும் அதற்கு மேலும் உருண்டைத் தலையே நேராகப் போகும். ஏற்ற முன்னர் குண்டின் பின்பக்கப் பாவாடை விளிம்பு நசிந்திருக்கிறதா பாருங்கள், நசிந்ததை ஒதுக்குங்கள். குண்டு இல்லாமல் வெறுமனே விசையை இழுக்காதீர்கள், பிஸ்ரன் போய் இரும்பில் முட்டும். மடித்த குழலை ஏற்றி முடியும்வரை மற்றக் கையால் விடாமல் பிடித்திருங்கள். அது எகிறி மூடினால் விரல் போகும். மெக்கானிக்குக்கு விரல் முக்கியம்.

இனி தகரத் தட்டு. இதற்கு நான் உடன்பட மாட்டேன். வேம்பின் உயரக் கிளையில் தட்டு என்றால் துவக்கு வாய் வானத்தைப் பார்க்கிறது. தட்டைத் தவறவிட்ட குண்டு சில நூறு மீற்றர் போய் யாருடைய வளவிலோ இறங்கும். தோட்டங்களில் ஆட்கள் குனிந்து நிற்கும் நேரமும் குரங்கு வரும் நேரமும் ஒன்றுதான். குண்டு எங்கே போய் நிற்கும் என்று கண்ணால் காணாமல் விசையில் விரல் வைக்கக்கூடாது என்பதுதான் கழகத்தில் எனக்கு முதல் நாள் சொன்னது. தட்டு வேண்டுமென்றால் உங்கள் மண் கும்பிக்கு முன்னால் தாழ்வாகக் கட்டுங்கள். சத்தம் அங்கிருந்தும் கேட்கும்.


நெடுங்கேணி ரீச்சர் எழுதியது:

அண்ணை சொன்ன தொழில்நுட்பத்தில் எனக்கு ஒன்றும் விளங்காது. வேறு மூன்று விசயம்.

குண்டு ஈயம். சுட்டுவிட்டுக் கை கழுவாமல் வெற்றிலை போடுவதும் கச்சான் உடைப்பதும் வேண்டாம். சிலர் குண்டைப் பல்லிடையில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள், பார்த்திருக்கிறேன். யூரியாப் பை கிழியும்போது மண்ணோடு ஈயமும் காணிக்குள் போகும். கச்சான் மண்ணுக்குள் விளைகிற பயிர். பைகளை இடைக்கிடை அரித்து ஈயத்தை எடுத்து ஒரு தகரத்தில் போட்டு வையுங்கள்.

அந்தக் கும்பி உங்கள் கிணற்று மண் என்றபடியால் பயமில்லை. ஆனால் இதை வாசித்துவிட்டு வேறு யாரும் பற்றைக் காணியில் புதிதாக மண் வெட்டிக் கும்பி கட்ட வெளிக்கிட்டால், எங்கள் மாவட்டங்களில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை என்பதை நினைவில் வையுங்கள். துருப்பிடித்த எதையும் தொடாமல் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

மூன்றாவது, சுட முன்னர் சுற்று வளவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிராம அலுவலருக்கும் சொன்னால் நல்லது. என் வகுப்பில் இருப்பவை எல்லாம் யுத்த காலத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், சத்தம் கேட்டால் வேடிக்கை பார்க்க ஓடிப்போகும். ஓடிவருகிற பிள்ளை கும்பிக்குப் பின்னால் இருந்தும் வரலாம். தாய்தகப்பன் வேறு மாதிரி. உங்கள் அம்மாவிடம் 'இன்றைக்கு இத்தனை மணிக்குச் சுடப்போகிறேன்' என்று முதலே சொல்லிவிட்டுச் சுடுங்கள். அகப்பையோடு அவர் வெளியே வந்ததை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டி வாசிக்க முடியவில்லை.


பம்படி (ஒட்டுசுட்டான்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காலை திரும்பப் போனேன். ரீச்சர் சொன்னபடி அம்மாவிடம் முதல் நாள் இரவே சொன்னேன். "உனக்கு வேற வேலை இல்லையோ" என்றார், அவ்வளவுதான். காலையில் நான் மேசை போடும்போது றேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து அண்ணைக்கும் சொல்லியாயிற்று. அவர் கதிரையோடு வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு குண்டுக்கும் தீர்ப்புச் சொன்னார். அது குண்டுச் சத்தத்தை விடக் கஷ்டம்.

திருகாணி விசயம் நூறு வீதம் உண்மை. முன்பிடி இடப்பக்கத் திருகாணி விரலாலேயே சுழன்றது. விசைக்காப்புத் திருகாணி அரைச் சுற்று வாங்கியது. மூன்றையும் கழற்றிப் புரியைத் துடைத்து, லொக்ரைற் விட்டு, அளவோடு இறுக்கினேன்.

ஸ்கோப்புக்கு என் வழியில் ஒரு சோதனை வைத்தேன். மகளின் நகப்பூச்சை எடுத்து, மவுண்டில் இருந்து றைபிள் முதுகுக்கு ஒரே கோடாக இழுத்துக் காயவிட்டேன். சிவப்புக் கோடு. இருபது, முப்பது குண்டுக்குப் பிறகு வெயிலில் பிடித்துப் பார்த்தால் கோடு நடுவில் அறுந்து, மேல்பாதி பின்னுக்குப் போயிருந்தது. ஒரு விசிற்றிங் காட் செருகலாம் போல இடைவெளி. மவுண்டைக் கழற்றினால் அண்ணை சொன்ன பின் இருக்கிறது, றைபிள் முதுகில் குழியும் இருக்கிறது, இரண்டுக்கும் இடையே ஒரு விரல் தூரம். கடையில் பூட்டித் தந்தவர் பின்னை உள்ளே திருகிவிட்டு வெறும் இறுக்கத்தில் விட்டிருக்கிறார். ஒரு பம்முக்கு இப்படிக் கப்ளிங் பூட்டிக் கொடுத்தால் ஆட்கள் என் கடைக்குத் திரும்ப வரமாட்டார்கள்.

பிடி. உள்ளங்கையில் படுக்க வைப்பது முதலில் மனதுக்கு ஒவ்வவே இல்லை, கையை விட்டு விழும் போல இருந்தது. விசையை இழுக்கும் நேரத்தில் விரல்கள் தாமாக மடியப் பார்த்தன. மடிந்த குண்டு எது என்று தாளைப் பார்க்காமலே சொல்லலாம். கை பழகிய பிறகு குண்டுகள் 40 வட்டத்துக்குள் வந்தன. கடைசித் தாளில் பாதிக்கு மேல் 17 வட்டத்தைத் தொட்டன. ஒன்று மட்டும் வெளியே ஓடியது, அந்த நேரம் சோளகம் எழும்பிவிட்டது என்று நான் சொல்கிறேன். பக்கத்து அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை.

தட்டு பற்றி. வேம்பை விட்டுவிட்டேன். உழவு மெசின் கலப்பைத் தட்டு ஒன்று தேய்ந்து கிடந்தது, அதைக் கும்பிக்கு முன்னால் சங்கிலியில் தாழக் கட்டினேன். 'டங்' கோயில் மணிக்குக் கிட்ட. குரங்குகள் போயின. இந்தக் கிழமை பக்கத்து அண்ணையின் தென்னையில் நிற்கின்றன, அதனால்தான் அவர் கதிரையோடு வந்தாரோ தெரியாது. மல்லாவி சொன்ன தாளம் எப்போது தொடங்கும் என்று பார்ப்போம்.

இன்னும் ஒரு கேள்வி. கொட்டிலில் இருந்து தட்டு 40 மீற்றருக்குக் கொஞ்சம் கூட. 25க்குச் சரிசெய்த ஸ்கோப்பில் எவ்வளவு மேலே பிடிக்கவேண்டும்? கிட்டத்திலும் ஒரு புதினம்: 5 மீற்றரில் சுட்டால் குண்டு கீழே விழுகிறது. கிட்டத்தில் ஏன் கீழே போகவேண்டும்?


கனகராயன்குளத்தான் எழுதியது:

நகப்பூச்சு யோசனை எனக்குத் தோன்றவில்லை. இனி நானும் பாவிப்பேன்.

கிட்டத்தில் கீழே விழுவது பிழையல்ல. ஸ்கோப் குழலுக்கு மேலே 4, 5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண் பார்க்கும் கோடு மேலே, குண்டு புறப்படும் இடம் கீழே. குண்டு ஏறிப்போய் அந்தக் கோட்டைத் தொட்டு, 25இல் திரும்ப அதே கோட்டுக்கு இறங்குகிறது. 5 மீற்றரில் அது இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே அங்கே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே பிடிக்கவேண்டும்.

தூரத்தில், உங்களுடையதைப் போன்ற 5.5 துவக்கு 25இல் சரியாக இருந்தால் 45 மீற்றரில் எட்டுப் பத்துச் சென்ரிமீற்றர் இறங்கும். ஆனால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள், என்னையும் நம்பாதீர்கள். கும்பியில் பெரிய மட்டை ஒன்றை வையுங்கள், மேற்பக்கத்தில் ஒரு பொட்டு. 25, 30, 35, 40 என்று பின்னுக்குப் பின்னுக்குப் போய், எல்லாத் தூரத்திலும் அந்தப் பொட்டையே பிடித்துச் சுட்டு, விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் தூரத்தை எழுதுங்கள். அந்த மட்டையைக் கொட்டிலில் ஆணியடித்து வைத்தால் உங்கள் துவக்குக்கும் உங்கள் குண்டுக்குமான அட்டவணை அதுதான். குண்டு வகையை மாற்றினால் மட்டையையும் மாற்றவேண்டும். காற்று எழும்ப முன்னர் செய்யுங்கள். 40இல் பக்கக்காற்று தள்ளுவது 25இல் தள்ளுவதை விட இரண்டு மடங்குக்கும் கூட.

கலப்பைத் தட்டு நல்ல தடிப்பு, ஆனால் ஈயம் இரும்பில் பட்டுத் தெறித்துத் திரும்பி வரும். சங்கிலியில் தொங்குவதால் கொஞ்சம் அடிவாங்கிப் பின்னுக்குப் போகும், அது நல்லது. மேற்பக்கம் உங்கள் பக்கமாகச் சற்றுச் சரிந்து நிற்கும்படி கட்டினால் துண்டுகள் நிலத்துக்குப் போகும். 15 மீற்றருக்குள் நின்று அதைச் சுடவேண்டாம். வெல்டிங் கடையில் இருக்கும் வெள்ளைக் கண்ணாடியை நீங்களும் போடுங்கள், கதிரையில் இருக்கும் அண்ணைக்கும் ஒன்று கொடுங்கள்.

ஸ்கோப்பைக் கழற்றிப் பின்னைக் குழியில் இறக்கியிருப்பீர்கள். இறக்கியிருந்தால் பழைய சீரோ, அதாவது சரிசெய்து வைத்த குறி, போய்விட்டது, திரும்ப 10 மீற்றரில் இருந்து தொடங்குங்கள்.